காமு அனுப்பிய பொடி

திருவண்ணாமலை,
12 மே 2025

அன்புள்ள காமு,

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்த வேலை உன் பார்சலைப் பிரித்ததுதான். வாசல் தெளிக்கவில்லை, பால்கூடக் காய்ச்சவில்லை. நேற்று சாயங்காலம் தபால்காரர் கொடுத்ததிலிருந்து அது அலமாரியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

நாங்கள் நலம். அக்னி நட்சத்திர வெயிலில் கோயில் கல்தரை தோசைக்கல்லாகக் காய்கிறது. இவருக்கு உள்ளங்காலில் கொப்புளம். பூஜைக்கு நடுவில் கொக்கு மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறாராம். உன் உடம்பு எப்படி? வெய் செங்கையும் உன் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல்.

நீ எழுதியபடியே அந்தச் சீன பீன்ஸைச் செய்தேன் என்றுதான் நினைத்தேன். விரல் நீளத்துக்கு ஒடித்தேன். எண்ணெய், இஞ்சி, பூண்டுக்குப் பதில் பெருங்காயம், நீ அனுப்பிய பொடி. ஆனால் பீன்ஸ் வேக வேண்டாமா? ஒரு கை தண்ணீர் தெளித்து மூடிவைத்தேன். கடைசியில் கை தன்னால் தேங்காய்த் துருவலுக்குப் போய்விட்டது. இவர் இலையைப் பார்த்துவிட்டு, "பினாங்குலேர்ந்து பொடி வரவழைச்சு, பீன்ஸ் பொரியலா பண்ணினே?" என்றார்.

பிறகு ஒன்று சொன்னார். "உன் தங்கை பொடி நன்னா இருக்கு." நீ வெய் செங்கைக் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு, இந்த வீட்டில் உன்னைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. பொரியலாகப் போனாலும் பரவாயில்லை.

அம்மா திவசத்தன்று போனில் நாம் அப்படிக் கத்திக்கொண்ட பிறகு, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னது நல்ல யோசனை. சண்டை போய்ச் சேரவே இரண்டு வாரம் ஆகிறது.

பொடியில் என்னென்ன இருக்கிறது என்று எழுது. கோயிலில் பூஜை செய்கிறவர் வீடு. நான் கேட்டுத்தான் ஆக வேண்டும். தப்பாக நினைக்காதே.

ஆசிகளுடன்,
அக்கா வித்யா


பினாங்கு,
29 மே

அக்காவுக்கு நமஸ்காரம்.

தண்ணீர் தெளித்தாயா? மூடி வேறு வைத்தாயா? அதன் மேல் தேங்காயா? அக்கா, நீ எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்று இனி வெளியில் சொல்லாதே. வெய் செங்குக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

நாங்கள் சௌக்கியம். இங்கே தினமும் மத்தியானம் மழை. துணி காயவே மாட்டேன் என்கிறது. மாமியாருக்கு இடுப்பு வலி ஜாஸ்தி. அப்படியும் சமையலறையை என்னிடம் விட மாட்டார். அத்திம்பேர் காலுக்கு விளக்கெண்ணெய் தடவு.

இப்போது கவனமாகப் படி. இந்தச் சமையலுக்குத் தண்ணீர்தான் எதிரி. பீன்ஸைக் கழுவித் துண்டில் போட்டு, குளிப்பாட்டின குழந்தையைத் துவட்டுகிற மாதிரி ஈரமில்லாமல் துடை. இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போடு. மூடாதே. அது கத்தும், கத்தட்டும். பச்சை நிறம் போகிறதே என்று பயப்படாதே. தோல் சுருங்கி, அங்கங்கே கருகி, பீன்ஸ் துவண்டு வளையும்வரை புரட்டித் தனியாக எடுத்துவை. அதே சட்டியில் கொஞ்சம் எண்ணெய், காய்ந்த மிளகாய், இஞ்சி, உன் பெருங்காயம். தீயைக் குறைத்துப் பொடி, உடனே பீன்ஸ். உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. இறக்கு. தேங்காயை அன்றைக்கு வீட்டிலேயே வைக்காதே.

பொடியில் மிளகாய், எள், உப்பு, சீன மிளகு. அந்த மிளகு நம் மிளகு இல்லை. ஒரு செடியின் காய்த்தோல். நாக்கை மரக்க வைக்கும். வேறொன்றும் இல்லை. உங்களுக்கென்று புது வாணலி வாங்கி நானே வறுத்தேன். "உன் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாளா? எதற்கு இவ்வளவு பத்தியம்?" என்று மாமியார் கேட்டார்.

நீ கேட்டதைத் தப்பாக நினைக்கவில்லை. நினைத்தாலும் பதினைந்து நாளில் ஆறிவிடும்.

அன்புடன்,
காமு


திருவண்ணாமலை,
16 ஜூன்

அன்புள்ள காமு,

வந்துவிட்டது! தோல் சுருங்கி, கருகி, நீ சொன்ன மாதிரியே.

நலம்தானே? உன் மாமியார் இடுப்புக்கு ஒத்தடம் கொடு. இங்கே வெயில் கொஞ்சம் கம்மி. இவர் கால் ஆறிவிட்டது.

அன்றைக்கு நடந்ததைக் கேள். இவர் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் கை அப்படியே நின்றுவிட்டது. "அடியே, எனக்கு நாக்கு இருக்கா?" என்றார். நான் எட்டிப் பார்த்து, "இருக்கு" என்றேன். "இருக்கறது எனக்குத் தெரியலையே! சாயரட்சைக்கு மந்திரம் எந்த நாக்கால சொல்றது?" மோர் குடித்தார், வெல்லம் தின்றார், கண்ணாடி முன்னால் நின்று "நமசிவாய, நமசிவாய" என்று ஒத்திகை பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, "மீதி எங்கே?" என்று கேட்டார் பார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிர் மாடி அறையில் நான் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? அங்கே போகும்போதெல்லாம் இதை நினைத்துத் தனியாகச் சிரிக்கிறேன். மாணவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பொடி தீரப்போகிறது. முடிந்தபோது அனுப்பு. அவசரமில்லை.

ஆசிகளுடன்,
அக்கா


பினாங்கு,
4 ஜூலை

அக்காவுக்கு நமஸ்காரம்.

அத்திம்பேர் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததை வாரம் முழுக்க நினைத்துச் சிரித்தேன். சிரிக்க அது ஒன்றுதான் இருந்தது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறேன். வெய் செங்குக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொடி அனுப்பியிருக்கிறேன். பெரிய பாட்டில். நிறம் கொஞ்சம் கறுப்பாக இருக்கும், பயப்படாதே. ருசி நன்றாக இருக்கும்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

காமு


திருவண்ணாமலை,
24 ஜூலை

அன்புள்ள காமு,

உன் மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது? எழுந்து உட்கார்கிறாரா? அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னேன். இவர் மறுப்பு சொல்லவில்லை. "நட்சத்திரம் என்ன?" என்று மட்டும் கேட்டார். சீனர்களுக்கு நட்சத்திரம் உண்டா? சுவாமி நட்சத்திரத்துக்கே செய்துவிட்டார்.

இந்தப் பொடியை எப்படிச் செய்தாய்? முதல் பாட்டில் நன்றாக இருந்தது, ஆனால் ஒரு காரம் மட்டும்தான் இருந்தது. இதில் காரத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. சாதம் முடிந்த பிறகும் வாயில் நிற்கிறது. இவர் வாரத்தில் மூன்று நாள் கேட்கிறார். பீன்ஸ் விலை ஏறினாலும் விடுவதில்லை. பாட்டிலைத் திறந்தால் ஒரு புது வாசனை: மழையில் நனைந்த கயிறு மாதிரி. கெட்டுப்போனது இல்லை, ஆனால் நமக்குப் பழக்கமில்லாதது. அது என்ன?

முக்கியமான சேதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படி.

போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே இவர் சொன்னார்: "நமக்காகத் தனியா வாணலி வாங்கி, இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணி அனுப்பறா. அவளுக்கா ஆசாரம் தெரியாது? தீபத்துக்கு வரச் சொல்லு, ரெண்டு பேரையும். ரூமெல்லாம் எடுக்க வேண்டாம். நம்மாத்துலயே சாப்பிடட்டும்."

காமு, போன தடவை நீங்கள் வந்தபோது, செங்கம் ரோட்டு லாட்ஜுக்கு நான் டிபன் கேரியரில் சாப்பாடு தூக்கிக்கொண்டு வந்தேனே. திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதுகொண்டு வந்தேன். உன்னிடம் சொன்னதில்லை.

டிக்கெட் பார்.

நிறைய ஆசிகளுடன்,
அக்கா


பினாங்கு,
30 ஆகஸ்ட்

அக்காவுக்கு நமஸ்காரம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாமியார் வாக்கர் வைத்து நடக்கிறார். அர்ச்சனை செய்ததைச் சொன்னேன். இரண்டு கையையும் கூப்பினார். எனக்கு மூன்று நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. நீங்கள் நலமா?

அத்திம்பேர் சொன்னதை வெய் செங்குக்குப் படித்துக் காட்டினேன். திரும்பப் படி என்றார். பிறகு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. நவம்பர் முப்பதுக்கு டிக்கெட் போட்டாயிற்று.

அந்த வாசனை புளிக்கவைத்த கறுப்பு சோயா. இங்கே எல்லாவற்றிலும் போடுவார்கள். வேறென்ன இருக்கப்போகிறது?

இன்னொரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். மெதுவாகச் செலவழி. உடம்புக்குச் சூடு.

காமு


திருவண்ணாமலை,
13 செப்டம்பர்

அன்புள்ள காமு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? எழுத்தே களைப்பாக இருக்கிறது. ரசம் சாதம் சாப்பிடு. இங்கே எல்லோரும் நலம்.

பாட்டில் வந்தது. சந்தோஷமான சேதி ஒன்று. இந்த வருஷம் தீபத் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொள்ளும் முறை இவருக்கு வந்திருக்கிறது. வெகுகாலம் காத்திருந்த முறை. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காப்பு. தீபம் முடிந்து அவிழ்க்கும்வரை இவர் இருக்க வேண்டிய சுத்தம் உனக்குத் தெரியும். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். என் கை ஒன்றுதான். எனக்கு இப்போதே பயமும் பெருமையுமாக இருக்கிறது.

என் வகுப்பில் ஷூமெய் என்று தைவான்காரப் பெண் ஒருத்தி. அறுபது வயது இருக்கும். புத்த மதத்தில் விரதம் எடுத்துக்கொண்டவள். மாமிசம் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டுகூட அவர்களுக்கு ஆகாதாம்! எனக்கு ஒரே ஆச்சரியம். நம்மைப் போலவே அத்தனை தூரத்தில் ஒருத்தி. அவளிடம் பீன்ஸைப் பற்றிச் சொன்னேன். "பூண்டு இல்லாமல் அதைச் சாப்பிட எனக்கு வீடு கிடைப்பதே இல்லை" என்றாள். அக்டோபர் முதல் வாரம் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். இவரிடம் கேட்டுவிட்டேன். "கூடத்துல இலை போடு" என்றுவிட்டார். எல்லாம் உன் பொடி செய்கிற வேலை.

அந்தக் கறுப்பு சோயாவைத் தனியாக அனுப்ப முடியுமா? பொடியை நானே இங்கே அரைத்துக்கொள்கிறேன். உனக்கும் அலைச்சல் குறையும்.

ஆசிகளுடன்,
அக்கா


பினாங்கு,
28 செப்டம்பர்

அக்காவுக்கு நமஸ்காரம்.

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

அத்திம்பேருக்குக் காப்பு என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் காப்புக் கட்டுகிற சமயத்தில் இந்தக் காரமெல்லாம் எதற்கு? வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இனிமேல் அந்தப் பொடியைப் போடாதே. இந்தப் பாட்டில் சரியாகக் காயவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கொட்டிவிடு. இரண்டையும் கொட்டிவிடு.

தைவான்காரிக்கு இட்லி கொடு. அவள் ஊர்ச் சமையலை அவளுக்கே போடுவதில் என்ன இருக்கிறது?

சோயா இங்கே இப்போது கிடைக்கவில்லை.

இதைப் படித்ததும் கொட்டிவிடு அக்கா.

காமு


திருவண்ணாமலை,
5 அக்டோபர்

காமு,

நீ நலமா? நான் நலமாக இல்லை.

இன்று ஷூமெய் வந்திருந்தாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி வாசலில் நின்று "உள்ளே வரலாமாங்க?" என்று கேட்டாள். இவர் முதலிலேயே சாப்பிட்டாயிற்று. பீன்ஸ் இரண்டு தடவை போட்டுக்கொண்டு, "இன்னிக்குத்தான் சரியா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி. பீன்ஸை வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெகுநேரம் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

"காரமா?" என்று ஓடினேன்.

"காரம் இல்ல, டீச்சர்." அவளுக்குத் தமிழ் வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்றுதான் வரும். "இதுல இறால் இருக்கு. காய்ஞ்ச இறால்."

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன் காமு. "அது சோயா. புளிக்கவைத்த சோயா. என் தங்கை எழுதியிருக்கிறாள்" என்றேன்.

"எங்க அம்மா தினம் இதைத்தான் பண்ணுவாங்க. விட்டு நாப்பது வருஷம். மூக்கு மறக்காது." பாட்டிலைக் கேட்டாள். முகர்ந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலால் கிளறி, ஒரு துணுக்கைத் தனியாக ஒதுக்கினாள். ஆரஞ்சு நிறம். ஓரத்தில் மீசை மாதிரி ஒரு இழை. பொடியில் எத்தனை நாள் கை விட்டிருக்கிறேன்! மிளகாய்த் தோல் என்று நினைத்திருந்தேன்.

அவள்தான் என்னைத் தேற்றினாள். "தெரியாம போட்டீங்க. தெரியாம சாப்பிட்டேன். ரெண்டு பேருக்கும் பாவம் இல்ல." அவள் போன பிறகு சட்டியைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். இவர் சாயங்காலம் வந்து, "உன் சீனாக்காரி என்ன சொன்னா?" என்று கேட்டார். "நன்றாக இருந்ததாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. உன் மாமியார் பாட்டில் மாறியிருக்கலாம். ஆஸ்பத்திரி அலைச்சலில் நீ கவனிக்காமல் இருந்திருக்கலாம். உனக்குத் தெரியாது என்று எழுது. நம்புகிறேன்.

அக்கா


திருவண்ணாமலை,
12 அக்டோபர்

காமு,

உன் செப்டம்பர் கடிதம் நேற்று வந்தது. "கொட்டிவிடு" என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் நீ எழுத வேண்டும். உன் கையெழுத்தில் எனக்கு அது வேண்டும்.

மாமியார் நலமாக நடக்கட்டும்.

அக்கா


பினாங்கு,
28 அக்டோபர்

அக்கா,

நமஸ்காரம் என்று எழுதக் கை வரவில்லை.

தெரியும்.

முதல் பாட்டில் சத்தியமாகச் சுத்தம். ஜூலையில் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு வறுக்கவும் அரைக்கவும் நேரமில்லை. நீ கேட்டிருந்தாய். இல்லை என்று எழுத மனசில்லை. மாமியார் வீட்டுக்கென்று இடித்து வைத்திருந்த பொடியை எடுத்து அனுப்பிவிட்டேன். அதில் இறால் உண்டு. கொஞ்சம்தான். ஒரு தடவைதானே, அடுத்தது சரியாகச் செய்து அனுப்பலாம் என்று நினைத்தேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. முதலாவதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று எழுதினாய். தீபத்துக்கு வாருங்கள் என்று அத்திம்பேர் சொன்னதை எழுதினாய். அதைப் படித்த பிறகு நான் எப்படிச் சொல்வேன்? ஒரு மாதம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பழைய பத்தியப் பொடியை அனுப்பினால் ருசி மாறும், நீ கேட்பாய். அதனால் அதையே மறுபடி அனுப்பினேன்.

பொய் சொல்லக் கூடாது என்றால் இதையும் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் நீ குடித்ததில்லை. ஊருக்கு வந்தால் எங்களுக்கு லாட்ஜ். தைவான்காரி உன் கூடத்தில் இலை போட்டு உட்காரலாம். என் புருஷன் மட்டும் இத்தனை வருஷமாக உட்காரக் கூடாது. என் மாமியார் இடித்த பொடியை அத்திம்பேர் கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொள்கிறார் என்று படித்தபோது, ஏதோ நியாயம் கிடைத்த மாதிரி இருந்தது. அது தப்பு. எனக்குத் தெரியும்.

அத்திம்பேரிடம் சொல்லாதே அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சாப்பிட்டது சாப்பிட்டாயிற்று; இனி அதை எடுக்க முடியாது. சொன்னால் அவர் காப்புக் கட்ட மாட்டார். எங்களுக்கும் அந்த வாசல் இனி இல்லை. வெய் செங் வேட்டி கட்டப் பழகிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?

என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது.

காமு


திருவண்ணாமலை,
11 நவம்பர்

காமு,

நலமா என்று கேட்க வேண்டியது முறை. கேட்கிறேன். இங்கே மழை. மலை உச்சி தெரிந்து நான்கு நாளாயிற்று.

உன் கடிதத்தை இவர்தான் தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "காமு எழுதியிருக்கா" என்றார். கவர் மேல் ஒரு மழைத்துளி விழுந்திருந்தது. அதை அங்கவஸ்திரத்தால் ஒற்றிவிட்டுக் கொடுத்தார். நான் பிரித்துப் படிக்கும்வரை எதிரிலேயே நின்றார். "என்னவாம்? வந்துடுவாளோல்லியோ? அவர் தரையில உக்காந்து சாப்பிடுவாரா, இல்லே மேஜை போடணுமா?" என்று கேட்டார். "கேட்டு எழுதுகிறேன்" என்றேன். உன் "தெரியும்" என் கையில் இருந்தது.

அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வகுப்பில் உட்கார்ந்து யோசித்தேன். இப்போது வெறும் பீன்ஸ் பொரியல்தான் செய்கிறேன். காய் நறுக்கும்போதும் யோசித்தேன். பொடி தீர்ந்துவிட்டது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். "காமு வரும்போது எடுத்துண்டு வருவா" என்கிறார்.

நீ எழுதியதில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாமியார் விழுந்தது, நேரமில்லாதது: அதையெல்லாம் மன்னிக்க எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. லாட்ஜில் நீங்கள் தங்கியது உனக்கு அவமானம் என்றாய். இருக்கலாம். ஆனால் நான் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தது உன் கண்ணெதிரே நடந்தது. வேண்டாம் என்று நீ அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தாலும் உனக்கு அந்த உரிமை இருந்தது. எனக்கு நீ அப்படித் தள்ளிவிட இடமே கொடுக்கவில்லை. நான் கேட்டேன். "அது என்ன?" என்று பேனாவால் எழுதிக் கேட்டேன். கேட்டிருக்காவிட்டால் இவ்வளவு வலித்திருக்காது.

இந்த வீட்டில் உன் பெயரை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அம்மா போன பிறகு, உன் பக்கம் நின்று பேச இந்த ஊரிலேயே வேறு யாரும் இல்லை. என் மூலமாகவே இதைச் செய்தாய். என் கையால் வறுத்து, என் கையால் பரிமாறி. இவர் "இன்னும் கொஞ்சம்" என்றபோது நான் சிரித்துக்கொண்டே போட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. நீ அங்கே உட்கார்ந்து அதற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறாய்.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டாய். முதலில் நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். வயிற்றுக்குள் போனது போனதுதான். சொன்னால் காப்பு இல்லை. இவர் இதற்காக எப்படிக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். புது வேட்டி வாங்கி மஞ்சள் தடவி வைத்திருக்கிறார். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து, மறந்த மந்திரங்களைப் படித்துப் பார்க்கிறார். சொல்லாவிட்டால் எல்லாம் நல்லபடியாக நடக்கும். நீ வருவாய். வெய் செங் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். நாம் எல்லோரும் மொட்டைமாடியில் நின்று தீபம் பார்ப்போம்.

ஆனால் நேற்று மத்தியானம் இவருக்குச் சாதம் போட்டேன். இவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன போட்டேன் என்று பார்க்கவே இல்லை. என்றைக்குமே பார்த்ததில்லை, இருபத்திரண்டு வருஷமாக என் கையிலிருந்து விழுவதை அப்படியே எடுத்துச் சாப்பிடுகிறவர். கரண்டியோடு அங்கே நின்றபோது, உனக்கு முன்னால் நான் எப்படி உட்கார்ந்திருந்தேனோ, இவர் எனக்கு முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தார். ஒருத்தருக்குத் தெரியும், ஒருத்தருக்குத் தெரியாது. தெரிந்தவள் சும்மா நிற்கிறாள்.

அக்டோபரில் "நன்றாக இருந்ததாம்" என்றேனே, அதுதான் நான் சொன்ன முதல் பொய். பிறகு பொடி தீர்ந்துவிட்டது என்றேன். மேஜையைப் பற்றிக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். எண்ணிப் பார்த்தால் நீ சொன்னதைவிட அதிகமாகவே சொல்லியிருக்கிறேன், அதுவும் இவ்வளவு சீக்கிரத்தில்.

அதனால் நாளைக் காலையில், இவர் குளித்துவிட்டுத் திருநீறு இட்டுக்கொண்டு காப்பிக்கு வந்து உட்காரும்போது, எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். உன் பெயரை மறைக்க மாட்டேன். நீ முதல் பாட்டில் பொடியைப் புது வாணலியில் வறுத்ததையும் மறைக்க மாட்டேன். காப்புக் கட்டுவதா, பரிகாரம் செய்வதா, முறையை விட்டுக்கொடுப்பதா என்று இவர் முடிவு செய்யட்டும். வாசலும் இவருடையது. உன்னை வா என்றும் நான் எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை.

இதை இந்த நிமிடம்வரை யாரிடமும் சொல்லவில்லை. இவர் உள்ளே மந்திரம் படித்துக்கொண்டிருக்கிறார், இவருக்கே தெரியாது. போனை எடுத்தால் உனக்கு ஒரு நிமிடத்தில் தெரிவிக்கலாம். நீ அழுவாய், கெஞ்சுவாய், நான் இளகிவிடுவேன். எடுக்கப்போவதில்லை. தபாலில்தான் போடுகிறேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் சொல்லி முடிந்திருக்கும். வேண்டாம் என்று சொல்ல உனக்கு நேரம் இருக்காது.

வித்யா